என் விரதத்தில் பட்டினி கிடந்த குஞ்சுகள்

மலேசியாவில், புக்கிட் பெலண்டோக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியது எங்கள் வீடு. முப்பது வாத்துக்குஞ்சுகள் வளர்த்தேன். பக்கத்து வீட்டு மேரியக்கா பாசார் சந்தையில் மீன் விற்பவர். அவர் தினமும் தரும் மீன் தலையையும் குடலையும் வேகவைத்து, தவிட்டில் பிசைந்து போடுவேன். புரட்டாசி பிறந்ததும், வீட்டில் கவிச்சி கூடாதென்று அதை நிறுத்திவிட்டு, தவிடும் பழைய சோறும் மட்டும் போட்டேன்.

மூன்றாவது வாரம் ஒன்றின் முதுகு இறகை இன்னொன்று பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. முதுகெல்லாம் ரத்தம். வளர்ச்சியும் நின்றுபோனது. நான்கு செத்தன. மஞ்சள் பூசினேன், தண்ணீரில் மருந்து கலந்தேன், பெருமாளிடம் அழுதேன்.

"இது நோய்தான். நம்ம கோழிங்களுக்கும் பரவிடும். எல்லாத்தையும் புதைச்சிடலாம்" என்று கணவர் மம்பட்டியை எடுத்துக் குழி வெட்டத் தொடங்கினார். நான் கதறிவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த மேரியக்கா, வேலி ஓட்டை வழியே தினமும் கால்வாய்க்கு ஓடிவிடும் இரண்டு குஞ்சுகளைக் காட்டினார். அவை மட்டும் இறகு குறையாமல் கொழுகொழுவென்று இருந்தன.

"அதுங்க நத்தை திங்குது. இதுங்களுக்கு இப்ப என்ன போடுற?"

சொன்னேன்.

"விரதம் நீ இருக்கே, சரி. வாத்து எதுக்குலா இருக்கணும்? வளர்ற குஞ்சுக்கு புரோட்டீன் வேணாமா?"

அன்றே மீன் குடல் வந்தது. அப்படியும் இரண்டு பிழைக்கவில்லை.

இப்போதெல்லாம் புரட்டாசியில் வேலியோரம் தனி அடுப்பு மூட்டுகிறேன். மீனை வேகவைத்துப் போட்டுவிட்டு, குளித்துத்தான் சாமியறைக்குள் போகிறேன். கும்பிடக் கை தூக்கினால், மண்ணுக்குள் கிடக்கும் அந்த ஆறு குஞ்சுகளும்தான் முதலில் கண்ணில் வருகின்றன.