பேசாலை வெயிலில் ஒரு சோடிக் கம்பளிக் கையுறை

தங்கையின் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டுக் கடற்கரைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். வீதியெல்லாம் தணலாகக் கிடந்தது. என் காற்சட்டைப் பையிலோ ஒரு சோடிக் கம்பளிக் கையுறை. எதிரே பங்குச் சுவாமியாரின் மோட்டார் சைக்கிள் வந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு என்னைக் கடந்து போனது. அவர் அவசரப்பட்டது என்னால்தான். சாகக் கிடக்கும் எனக்குக் கடைசி எண்ணெயான அவஸ்தை பூச வரச்சொல்லித் தங்கை றீற்றா போன் எடுத்திருந்தாள். நான் திரும்பி நின்று கை தட்டிக் கூப்பிட்டேன்.

"சுவாமி, நீங்கள் தேடிப் போற ஆள் நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப ஏன் நடந்து போறீங்கள்?"

"படுத்திருந்தால் பூசிப்போடுவீங்கள் எண்டுதான்."

நடந்தது இவ்வளவுதான். குடலில் வந்த புற்றுநோயை நோர்வேயில் வெட்டி எடுத்தார்கள். பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் கரண்ட் அடிக்கும். குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை பூட்டிக்கொண்டதுபோல இருக்கும். மூச்சு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், ஆனால் போகவில்லை என்றே மனம் சொல்லும். சுடுநீர் குடித்துக் கொஞ்சம் பொறுத்தால் விட்டுவிடும். இதைத் தெரியாத இடத்தில் தெரியாத ஆள் பார்த்தால், ஆள் முடிந்தது என்றுதான் நினைப்பான்.

கடைசி மருந்து முடிந்து சில கிழமைகளில், டொக்டரிடம் கேட்டுக்கொண்டு மன்னாரில் எங்கள் ஊரான பேசாலைக்கு வந்தேன். றீற்றாவிடம் குளிர்ந்தது ஆகாது என்று சொல்லித்தான் இருந்தேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு எங்கள் ஊரில் சூடான சோடா கொடுப்பது அவமரியாதை. பிரிட்ஜ் உள்ள வீடு என்றால் அந்தப் பிரிட்ஜ் அன்றைக்கு வேலை செய்தே ஆகவேண்டும். ஒரு சோடா என்ன செய்துவிடும் என்று அவள் தம்ளரில் ஊற்றித் தந்தாள். வெயிலில் வந்த நான் யோசிக்காமல் மடக்கென்று குடித்தேன். தொண்டையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்ததும் அவள் மெழுகுதிரி கொளுத்திவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி என் கால்களை நேராக இழுத்து வைத்தாள். நான் எழும்பி அடுப்படிக்குப் போய்க் கேத்தில் சுடுதண்ணீரைக் குடித்து முடிக்கும்போது சுவாமிக்குச் செய்தி போயிருந்தது.

எனக்குச் சுவாமியிடம் கோபம் இல்லை. பயம்தான். கடற்கரையில் பிலோமினாக்கா கருவாடு காயப்போடும் வாடியில் எனக்கு ஒரு வேலை கிடைக்கும்போல இருந்தது. நாளைக்குக் காலமை வா, பார்ப்பம் என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தா. அவஸ்தை பூசின ஆளை எங்கள் ஊரில் யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. பார்க்க வருவார்கள், பிஸ்கட் கொண்டு வருவார்கள், வாசலில் நின்று மெல்லக் கதைப்பார்கள். நோய் என்னைக் கட்டிலில் போட்டது போதும். ஊரும் போடவேண்டாம் என்றுதான் படலையைத் தாண்டினேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நான் ஒரு இடத்தில் இருந்ததில்லை. இராமேஸ்வரம், துபாய், இத்தாலி என்று திரிந்து, வட நோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் போய் நின்றேன். அங்கே நாள் முழுக்க ஐசுக்குள்தான் கை. இப்போது அதே கை பால் பெட்டியைத் தொட்டாலும் துள்ளுகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, நல்ல பெண், கட்டில் ஓரத்தில் இருந்து கேட்டாள், உனக்கு இப்போது எது முக்கியம் என்று. அங்கே எல்லா நோயாளியிடமும் அதைக் கேட்பார்கள். நான் "ஆர்பைட்" என்றேன். வேலை. அவள் முகம் வாடிவிட்டது. நான் பணத்துக்குக் கஷ்டப்படுகிறேன் என்று நினைத்து, உதவிப்பணம் பற்றிக் கதைக்க அடுத்த நாள் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். இருவரும் மாறி மாறி, நீ வேலை செய்யத் தேவையில்லை, ஓய்வெடு என்றார்கள். எனக்கு வேலை ஏன் வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க என்னிடம் அவ்வளவு நோர்வேஜிய மொழி இருக்கவில்லை. தமிழிலும் இருந்திருக்குமா தெரியாது. "தக்" என்று நன்றி சொல்லிவிட்டுப் படுத்தேன்.

ஆனால் அதே தாதி எனக்கு ஒரு நல்ல விஷயம் சொல்லித் தந்தாள். விரல் நுனி மரத்துப் போயிருக்கும், அதனால் கை உணராததைக் கண் பார்க்கவேண்டும். சட்டைப் பொத்தானையும் தேத்தண்ணீர்க் கோப்பையையும் அப்படித்தான் கையாளுகிறேன். மருந்தால் வாயில் நின்ற இரும்புச் சுவைக்குத் தேசிக்காய்ப் புளி. களைப்புக்கு மத்தியானப் படுக்கை. இந்த மருந்து எடுக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் வீட்டாருக்கு முதலில் சோடாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

சுவாமி மோட்டார் சைக்கிளை ஒரு பனை நிழலில் நிறுத்தினார். நான் வேலைக் கதையைச் சொன்னேன்.

"இது சாகிறவைக்கு மட்டுமில்லை. சுகப்படவும்தான் பூசுறது" என்றார்.

"அது உங்களுக்குத் தெரியும் சுவாமி. ஊர் பெட்டிக்கு அளவெடுக்குமே."

அவர் சிரித்தார். பிறகு, "உங்கட தங்கச்சி போனில அழுதவ" என்றார்.

பின்னேரம் வீட்டுக்கு வாங்கோ சுவாமி என்றேன். நானும் திரும்பிப் போனேன். படுக்கமாட்டேன் என்றேன். பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடியே நெற்றியிலும் கையிலும் பூசினார். விரலில் எண்ணெய் வழிந்ததைக் கண்ணால் பார்த்தேன், உணரவில்லை. உள்ளங்கையில் அது சில்லென்று இல்லாமல், ஊர்ச் சூட்டோடு பட்டது நன்றாகத் தெரிந்தது. றீற்றா அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்தினாள். பிறகு எல்லாருக்கும் பிளேன் டீ தந்தாள். எனக்குத் தந்ததில் ஆவி பறந்தது.

காலையில் வாடிக்குப் போனபோது பிலோமினாக்கா உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றா. ஊருக்குச் செய்தி முதலே போயிருந்தது.

"நேற்றுப் பூசினவையாம்."

"ஓம் அக்கா."

"சாகிற எண்ணம் இருக்கோ?"

"இப்போதைக்கு இல்லை. உங்களிட்ட வேலை இருக்கோ?"

அவ என் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தா. "கத்தியும் உப்பும் உனக்குச் சரிவராது. முள்ளுக் குத்தினாலும் உனக்குத் தெரியாதாமே. காயுற மீனைப் புரட்டு, காகத்தைக் கலை. வெயில் ஏற வீட்ட போ. இடையில விழுந்தியெண்டால், பூசின ஆளை வேலை வாங்கிச் சாகடிச்சவள் எண்டு என்னைத்தான் சொல்லுவினம்."

"விழுந்தால் கடல் பக்கமா விழுறன்."

"அங்க மீன் காயுது. றோட்டுப் பக்கமா விழு."

நோர்வேப் பனிக்கு வாங்கிய கம்பளிக் கையுறையை எடுத்து மாட்டினேன். பந்தலில் கட்டாக்கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் இரும்பைத் தவிர ஒன்றையும் அறியாத வாயில் அந்த மணத்துக்கு எச்சில் ஊறியது. துண்டு துண்டாகக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் புரட்டினேன். முதுகில் பேசாலை வெயில், கையில் நோர்வேக் கம்பளி. அடுத்த மாதம் ஸ்கேன் எடுக்க அங்கே போகும்போது இதே கையுறையைத்தான் மாட்டவேண்டும். கருவாட்டு மணத்துக்குப் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போகக்கூடும். போகட்டும். ஒரு காகம் பந்தல் நுனியில் வந்து இருந்தது. அதைக் கலைக்க நான் கம்பளிக் கையை உயர்த்தினேன்.