கடல் பின்னேரம் வந்தால்

எங்கள் ஊரில் காய்ச்சல் விட்டால் சுகம். அதற்குப் பிறகும் உடம்பு நோ என்று சொல்பவள் சோம்பேறி. சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு மாரியில் ஊரெல்லாம் சிக்குன்குனியா. எனக்கும் காய்ச்சல் ஒரு கிழமையில் போனது. மூட்டுக்குள் புகுந்த நோ மட்டும் மாதக்கணக்காகியும் போகவில்லை.

விடிந்தால் பாயை விட்டு எழும்ப முடியாது. விரல் மடங்காது. கணுக்காலை ஊன்றினால் உயிர் போய்வரும். நொச்சியிலை அவித்த தண்ணீர் ஊற்றி, வெயிலும் ஏறிய பிறகுதான் நான் மனுசியாவேன். பின்னேரம் கிணற்றில் தண்ணீர்கூட அள்ளுவேன். அடுத்த வளவு மச்சாளுக்குக் காய்ச்சல் வரவில்லை, வாய் மட்டும் இருந்தது.

"காலையில ஏலாது, பின்னேரம் ஏலுமாகா? இதென்ன நேரம் பாத்து வாற வருத்தம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலை கிடந்தால் கிடக்கட்டும். என் பயம் வேறு. சுனாமியன்று கைக்குழந்தையாய் இருந்த மகளை இடுக்கிக்கொண்டு பெரிய ரோட்டு வரைக்கும் ஓடியவள் நான். அந்தக் கடல் காலையில்தான் வந்தது. இனியும் வந்தால் பிள்ளையை யார் தூக்குவது? வாவிக்கு அப்பால் படுவான்கரையில் சண்டையில் ஷெல் விழும் சத்தத்துக்குக்கூட நான் அப்படி நடுங்கியதில்லை.

ஒரு நாள் காலையில் அந்தக் கூக்குரல் கேட்டது.

"கடல் வருகுது! ஓடுங்க!"

கணவர் வாவிக்கு வலை போடப் போயிருந்தார். நான் பாயில் கிடந்தேன். மச்சாள் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் எழும்பவில்லை.

"புள்ளயத் தூக்கிட்டு ஓடுகா! என்னப் பாக்காத!"

மகள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை விடுவிக்க என் விரல்களால் முடியவில்லை. மச்சாள்தான் பிரித்தெடுத்தாள். பிள்ளையின் அழுகுரல் தூரத்தில் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டே வாசல் வரைக்கும் ஊர்ந்து வந்தேன்.

வாசலுக்கு முன்னால் ஒழுங்கை முழுக்க என்னைப்போல் சுகமானவர்கள். வேலியைப் பிடித்தபடி, ஒருவர் தோளில் ஒருவர் தொங்கியபடி நொண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெரியப்பா துடுப்பை ஊன்றிக்கொண்டு போனார். "நமக்காகக் கடலும் கொஞ்சம் நிண்டுதான் வரவேணும்," என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

கடல் வரவில்லை. யாரோ கிளப்பிவிட்ட பொய். மச்சாள் பிள்ளையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் குந்தினாள். மறுநாள் விடிய நொச்சித் தண்ணீரை அவளே அவித்துக் கொண்டுவந்தாள்.

அன்று பின்னேரம் நான் தண்ணீர் அள்ளும்போது மகள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, கடல் பின்னேரம் வந்தா நீங்களும் ஓடுவீங்கதானே?"

"ஓம் மகள், ஓடுவன்."

"அப்ப பின்னேரம் வரச் சொல்லுங்க."