பிரின்சிபலிடம் காட்டிவிட்டு வந்த பத்திரிகை

எங்கள் கல்லூரிப் பத்திரிகையின் ஆசிரியருக்கு முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜோல்னாப் பை தொங்கியது. எம்.ஏ. மாணவர் என்பதால் எல்லோருக்கும் அவர் எடிட்டர் சேட்டன், அதாவது அண்ணன். அந்தப் பழக்கத்தில்தான் இன்னும் ‘அவர்’ போடுகிறேன், மரியாதையால் அல்ல. அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “பிரின்சிபல்ட்ட ஒண்ணு காட்டீட்டு வராம்” என்று கிளம்புவார். காட்டவேண்டும் என்று கல்லூரியில் எந்த விதியும் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. இவராகவே போய்க் காட்டிவிட்டு, ஏதோ போர்க்களத்திலிருந்து திரும்பியவர்போல வியர்வையைத் துடைத்துக்கொள்வார். மேடை கிடைத்தால் மட்டும் அடக்குமுறை, எதிர்ப்பு என்று தொண்டை கிழியப் பேசுவார்.

மட்டாஞ்சேரியில் பிறந்த தமிழ்ப் பெண் நான். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் எழுதக் கற்றது மலையாளம். அந்த மலையாளத்தில் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். கலைவிழா, கால்பந்து, காண்டீன் புட்டில் கல் என்று எழுதிப் பழகிய கைக்கு ஒருநாள் உண்மையான செய்தி வந்தது. பாலக்காட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த என் வகுப்புத் தோழி, புத்தகம் வாங்கப் படகேறி அக்கரைக்கு, எர்ணாகுளம் போயிருந்தாள். திரும்பும்போது நடுக்காயலில் படகின் இயந்திரம் நின்றுவிட்டது. வேறொரு படகு வந்து இழுத்துக் கரை சேர்த்தபோது விடுதிக் கதவு மூடும் நேரம் தாண்டியிருந்தது. வார்டன் அவள் சொன்னதை நம்பவில்லை. விடுதியைவிட்டு அனுப்பலாமா என்று முடிவு செய்ய வெள்ளிக்கிழமை கமிட்டி கூடும் என்றார்கள். விடுதி போனால் படிப்பும் போகும். அவளைத் திருப்பி அழைத்துப்போக ஒரு காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தவர் அவளுடைய அப்பா.

நான் படகுத்துறைக்குப் போனேன். டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டேன். அதே படகில் வந்த அரிசி மண்டிக் கணக்கரைக் கொச்சங்காடியில் தேடிப் பிடித்தேன். இருவரும் பெயரோடு பேசினார்கள். எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. வியாழக்கிழமை பத்திரிகை வந்தால் வெள்ளிக்கிழமை கமிட்டி அதைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று நம்பினேன். சேட்டன் பக்கங்களைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வந்தார். வியர்வையைத் துடைத்தார். “பிரின்சிபல் வெட்டிட்டார், மோளே. ஞான் எவ்வளவோ வாதிச்சு நோக்கி” என்றார். வியாழக்கிழமை என் செய்தி இருந்த இடத்தில் ஓணப் பூக்களத்தின் படம் பெரிதாகப் பூத்திருந்தது.

தோழியிடம் சொன்னேன். “பிரின்சிபலே படிச்சுட்டு வேண்டாம்னுட்டார்னா, இனி அவர்ட்ட போய் என்ன சொல்லறது?” என்றாள். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. சாட்சி சொன்னவர்களை அழைத்துப்போகவும் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்துதானே வெட்டியிருக்கிறார்! வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் பரீட்சை எழுதவே இல்லை.

படிப்பு முடிந்து சான்றிதழில் கையெழுத்து வாங்க பிரின்சிபலிடம் போனபோது, இனி எனக்கென்ன பயம் என்று, அந்தப் படகுச் செய்தியை ஏன் வெட்டினீர்கள் எனக் கேட்டுவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “எந்தச் செய்தி? அந்தப் பையன் கொண்டுவருவான், மேசைமேல் வைப்பான், கொஞ்சம் நின்றுவிட்டு எடுத்துக்கொண்டு போவான். நான் ஒருநாளும் படித்ததில்லை. படகுக்குச் சாட்சி இருந்ததா? ஏன் யாரும் என்னிடம் வரவில்லை?” என்றார். வெட்டியவர் வெட்டவில்லை, வாதாடியவர் வாதாடவில்லை. தலைப்பில் படகை அடுத்து ‘விடுதி’ என்ற சொல்லைப் பார்த்ததுமே, மேலே படிக்காமல், சேட்டனின் கை தானாக எடுத்துப்போட்டிருக்கிறது. அதிகாரத்துக்குப் பயப்படுகிறவனையாவது மன்னிக்கலாம். அதிகாரம் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அதற்காகக் கத்தரி பிடிக்கிறவனை என்ன செய்வது?

என்ன செய்வார்கள், தொலைக்காட்சியில் உட்காரவைப்பார்கள். இன்று அவர் விவாதங்களின் நிரந்தர முகம். போன மாதம் மட்டாஞ்சேரியில், ஓவியக்கூடமாகிவிட்ட ஒரு பழைய மிளகுக் கிடங்கில், பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேச வந்தார். போனேன். கேட்கப் போகவில்லை, பார்க்கப் போனேன். வயிறு வளர்ந்திருந்தது, தொண்டை அதேதான். பாதிப் பேச்சில் படகுக் கதை வந்தது. ஒரு பெண்குட்டிக்காகப் பிரின்சிபலின் மேசையில் ஓங்கி அடித்தாராம். மிரட்டலை மீறி அச்சடித்தாராம். அரங்கம் கைதட்டியது.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். “அந்தச் செய்தியை எழுதியவள் நான். நீங்கள் அதை அச்சடிக்கவில்லை. பிரின்சிபல் அதைப் படிக்கவே இல்லை” என்று மலையாளத்தில் சொன்னேன். அவருக்கு ஒரு நொடி முகம் வெளுத்தது. பிறகு, “ஓர்மைகள் ஆளுக்கு ஆள் மாறுமல்லோ” என்று, என் நினைவில்தான் பிழை என்பதுபோலச் சிரித்தார். அரங்கமும் சிரித்தது. அமைப்பாளர் ஒலிவாங்கியை வேறு பக்கம் கொண்டுபோனார்.

வெளியே வந்து தோழிக்குப் போன் செய்தேன். பாலக்காட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“எம் பேரச் சொன்னானோ?”

“இல்லை. ஒரு பெண்குட்டின்னுதான் சொன்னார்.”

“எப்பிடிச் சொல்லுவான்? நீ எழுதினத அவனும் படிக்கலையே” என்றாள்.