மணி போட்ட கையெழுத்து

தபால்காரர் காகிதத்தை நீட்டும்போதே உமையம்மாளின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விடும். கையெழுத்துப் போடுவார், அதன் கீழே தேதி, அதற்கும் கீழே மணி. காஸ் சிலிண்டர் வந்தாலும் அப்படித்தான். அப்பாவும் தாத்தாவும் திருவிதாங்கூர் அரசுக் கச்சேரியில் குமாஸ்தாக்கள். “மணி இல்லாத ஒப்பு, ஒப்பே இல்லயாக்கும்” என்பார்.

பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. நோயாளி அவருடைய கணவர் காந்திமதிநாதன், பக்கவாதம். போன வருஷம், 1999-இல், அவருடைய இடுப்புத் தோல் சிவந்ததும் காற்று மெத்தை வேண்டும் என்றேன். விடுமுறைக்கு வந்த மகன் சுனில்குமார் நெய்யாற்றின்கரை பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, அம்மாவின் கிரெடிட் கார்டு எண்ணைத் தட்டி, பம்பாய்க் கம்பெனி ஒன்றில் ஆர்டர் கொடுத்தான். ஆறாயிரத்து இருநூறு ரூபாய் கார்டில் ஏறியது. மெத்தை வரவில்லை. போனில் கேட்டால், “வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்றார்கள்.

இன்னொன்று வாங்கக் கையில் காசில்லை. சிவந்த இடம் புண்ணாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நாங்கள் இருவரும் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தோம். நடுவில் உமையம்மாள் பாங்குக்குப் புகார் எழுதினார். மூன்றாம் வாரம் திருவனந்தபுரத்துக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு ஓமனாவை நோயாளிக்குக் காவல் வைத்துவிட்டுப் போனோம்.

கார்டு பிரிவில் மோகனன் என்ற அதிகாரி, கம்பெனி அனுப்பிய டெலிவரி ரசீதின் நகலைக் காட்டினார்.

“அம்மச்சி, இது நிங்கள ஒப்பு தானே?”

“மணி எங்க சாரே?”

“எந்த மணி?”

உமையம்மாள் பர்ஸிலிருந்து கார்டை எடுத்துத் திருப்பி மேசையில் வைத்தார். விரல் அகல வெள்ளைப் பட்டை. அதில் கையெழுத்து, தேதி, எறும்பு அளவில் 10.40.

“உங்க ஃபைலயும் எடுத்துப் பாருங்க. அதிலயும் உண்டு.”

எடுத்தார். கார்டு கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தில் 3.15. மோகனன் விழுந்து விழுந்து சிரித்தார். “கார்டுக்குப் பின்னாலயுமா அம்மச்சி!”

“கார்டு கிட்டின நேரம் போடாம பின்ன?”

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் உதியன்குளங்கரை வரை உமையம்மாள் உட்காரவில்லை; என்னிடம் பேசிக்கொண்டே நின்றார். “எக்கா, அந்தாளு மொகத்தப் பாத்தியளா! இனி அவியளுக்கு மெத்த வரும், புண்ணும் ஆறும்!” கண்டக்டர் இரண்டு தரம் அதட்டியும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பணம் கார்டுக்குத் திரும்பியது. அன்றைக்கே திருவனந்தபுரத்துக் கடை ஒன்றில் சொல்லி மெத்தை வாங்கினோம். கொண்டுவந்த ஆள் வாசலிலேயே ரசீதை நீட்டினான்.

“ஒரு ஒப்பு போடுங்கம்மா, வண்டி நிக்குது.”

“நிக்கட்டும். நீயும் நில்லு மக்கா.”

நான் மெத்தையை விரித்து, காற்றடிக்கும் மோட்டாரைப் போட்டேன். நோயாளியை அதன்மேல் புரட்டினோம். உமையம்மாள் அவர் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். காற்று ஏறி, கையையும் சேர்த்து மெத்தை தூக்கியது. அப்போதுதான் கையை உருவி, பேனாவை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்தார்.