முப்பத்தேழு டிகிரியில் ஒரு கைதட்டல்

கோழித் தடுப்பூசிக்கான புரதத்தை எங்கள் ஆய்வகத்தில் பாக்டீரியாவுக்குள் உருவாக்குகிறேன். பதினெட்டு டிகிரியில் மெதுவாக உருவானால்தான் அது கரையும்; கரையாவிட்டால் தடுப்பூசிக்கு ஆகாது. பாக்டீரியாவைக் குலுக்கி வளர்க்கும் ஷேக்கர் கருவியில் ‘தொடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் நேற்று கிளம்பினேன்.

இன்று காலை பார்த்தால் முப்பத்தேழு.

“நாந்தானுங்க ஏத்தி வெச்சேன்,” என்றார் ஆய்வக உதவியாளர் முருகேசன் அண்ணன். “குளுருல எப்படிங்க வளரும்? எங்க பண்ணையில குஞ்சுக்கே பல்பு போட்டுத்தானுங்க வெப்போம்.”

செல்களை உடைத்துச் சுழற்றினேன். புரதம் முழுவதும் கரையாமல், குழாயின் அடியில் அவித்த முட்டை போலக் கட்டிதட்டிக் கிடந்தது.

“எவ்ளோ வந்திருக்குது பாருங்க,” என்று அதைப் படமெடுத்து ஆய்வக குரூப்பில் போட்டார் அண்ணன்.

அவர் பாவம், தெரியாமல் செய்தார். புரதத்திலேயே டாக்டர் பட்டம் வாங்கிய என் பேராசிரியர் அதற்குக் கைதட்டும் எமோஜி போட்டிருக்கிறார்.

அவித்த முட்டையைப் பச்சை முட்டையாக்கத் தெரிந்த நாமக்கல்காரர்கள் யாராவது இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். தெரியாதவர்கள் கைதட்டிவிட்டுப் போங்கள், பேராசிரியராகலாம்.