ஐந்து தேர்தலும் ஒற்றை ஓட்டும்

அந்த நாடாளுமன்றத் தொகுதி மொத்தம் இருபத்திரண்டு வருஷம்தான் உயிரோடு இருந்தது. ஐந்து தேர்தல். மூன்றில் ஒரு வக்கீல் ஜெயித்தார், இரண்டில் ஒரு மில் முதலாளி. ஐந்திலும் சுயேச்சையாக நின்று மண்ணைக் கவ்வியவர் ஒருவர் உண்டு: நம் ஷட்டர்காரரின் சொந்த அண்ணன்.

ஷட்டர்காரர் கடைகளுக்கு இரும்பு ஷட்டர் செய்து மாட்டுபவர். அப்பா வைத்த பட்டறையின் போர்டில் அண்ணன் தன் பெயரை மட்டும் எழுதிக்கொண்ட நாளிலிருந்து இருவருக்கும் ஜென்மப் பகை. அண்ணன் ஊரின் மறுகோடியில். தம்பிக்கு இந்தத் தெருவில் தனிப் பட்டறை. அண்ணன் வேட்புமனு போட்டால் போதும், தம்பி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வீடுவீடாக ஏறிவிடுவார்.

"கூடப் பொறந்தவனுக்கே நல்லது செய்யாதவன் உங்களுக்கு என்னத்தக் கிழிக்கப்போறான்?"

அவருக்கு ஒரே வைராக்கியம்: தன் தெரு பூத்தில் அண்ணனுக்குப் பூஜ்யம் விழ வேண்டும். எங்கே விழுந்தது! முடிவு வந்ததும் பூத் வாரிப் பட்டியலை வாங்கிவந்து பட்டறைச் சுவரில் ஒட்டுவார். ஐந்து தடவையும் அண்ணன் பெயருக்கு நேரே ஒன்று. எவன் அவன்? முதல் தேர்தலிலேயே எதிர்க்கடை சலூன்காரர் மேல் சந்தேகம். நடுத்தெருவில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசினார். அந்த மனுஷன் சத்தியம் செய்தும் நம்பவில்லை. அன்றிலிருந்து முடி வெட்ட இரண்டு மைல் நடை.

பிறகு எல்லையைத் திருத்துகிறோம் என்று தொகுதியையே மூன்று துண்டாக்கிப் பக்கத்துத் தொகுதிகளில் சேர்த்துவிட்டார்கள். அண்ணனும் இனி நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஷட்டர்காரர் குதித்துக் கொண்டாட வேண்டியவர்தானே? சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து பொருமினார்.

"தொகுதியே போச்சு. அந்தத் துரோகி யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலையே!"

"நான்தான்" என்றாள் மனைவி, டம்ளரில் தண்ணீர் ஊற்றியபடியே.

அவர் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் போட்டார்.

"அஞ்சு தடவையுமா?"

"அஞ்சு தடவையும்."

"ஏன்டி?"

"மொதல் தடவ அவரைப் பாத்தா பாவமா இருந்துச்சு. சலூன்காரரை நடுத்தெருவுல நிக்கவச்சு ஏசினீங்களே, அதுக்கப்புறம் நாலு தடவையும் உங்க மேல இருந்த ஆத்திரம்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நடுத்தெருவுல நான்ல நின்னிருப்பேன்."

மறுநாள் காலை ஷட்டர்காரர் தெருவைக் கடந்து சலூன் வாசலில் போய் நின்றார். உள்ளே ஆளில்லை, சலூன்காரர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஓட்டு நீங்க போடலைன்னு தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு அது அன்னைக்கே தெரியுமே" என்ற சலூன்காரர், காலியாக இருந்த நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். "ரெண்டு மைல்தானே, நடங்க."