சிவப்பு நாடா கட்டிய மெஷின்

என் சின்னம்மாவான சாச்சியை நினைத்தால் ஒரு தையல் மெஷினும் அதன் கழுத்தில் கட்டிய சிவப்பு நாடாவும்தான் முதலில் கண்ணில் வருகின்றன. நாடாவை முடிச்சுப் போட்டவர் நான் வேலை செய்த நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதி அனுப்புவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் படித்து மேசை வேலைக்கு வந்த முதல் ஆள் நான். அதில் பெருமையும் இருந்தது.

சாச்சா கடலில் மவுத்தாகி, சாச்சி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் அந்நிய ஆண்கள் முன் வராமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. பிள்ளைகளோ சின்னவர்கள். ஒரு மெஷின் கிடைத்தால் வீட்டுக்குள் இருந்தே அபாயா தைத்துப் பிழைக்கலாம் என்று சங்கத்துக்குச் சொல்லியனுப்பினார். வெளிநாட்டில் இருக்கும் ஊரார் அதற்கென்றே பணம் அனுப்பினார்கள். மெஷினும் வந்தது. அதோடு பந்தல், பெனர், அரச அதிகாரி, தொலைக்காட்சிக்காரர் எல்லாம் வந்தார்கள். விழாவன்று செயலாளர் சாச்சியின் வாசலில் போய் நின்றார்.

"ராத்தா, அஞ்சு நிமிஷந்தான். முகத்த மூடிட்டு வந்து வாங்கிட்டுப் போங்க."

"நான் இத்தாவுல இரிக்கன் தம்பி," என்றது திரைக்குப் பின்னாலிருந்து சாச்சியின் குரல். "வாசல்ல வெச்சிட்டுப் போங்க. படம் புடிக்கணுமெண்டா மெஷினப் புடிங்க. அதுக்கு இத்தா இல்லத்தானே."

"மெஷின மட்டும் காட்டினா ஆரு காசு அனுப்புற?" என்று செயலாளர் என்னிடம் சிடுசிடுத்தார்.

மேடையில் முகம் மூடி வந்து மெஷினை வாங்கியவர் செயலாளரின் மச்சினி. அதிகாரி, பாவம், அவரையே விதவை என்று நம்பி ஆறுதல் சொன்னார். அந்தச் செய்தியை எழுத மாட்டேன் என்றேன். சாச்சியின் பெயரைப் போட்டுச் செயலாளரே எழுதி அனுப்பினார். மெஷின் அலுவலகத்துக்கே திரும்பியது.

இத்தா முடிந்ததும் சாச்சி சங்கத்துக்கு வந்து மெஷினைக் கேட்டார்.

"ஒங்கட பேர்ல குடுத்தாச்சே ராத்தா. பேப்பர்லயும் டீவியிலயும் வந்திட்டு. திரும்பக் குடுத்தா அரசாங்கக் கச்சேரியில கேள்வி கேப்பாங்க," என்றார் செயலாளர்.

நாடா கலையாமல் மெஷின் அட்டாளைச்சேனையில் அடுத்த விழாவுக்குப் போயிருந்தது.

"எனக்குத் தந்தத்த நான் ஒருக்காவாவது பாத்திருக்கலாம்," என்றார் சாச்சி. அவ்வளவுதான். சத்தம் போட்டது நான். இத்தா என்றால் என்னவென்று தெரியாத வெளியூராரா இந்தச் செயலாளர்? இவருடைய உம்மாவும் இருந்த இத்தாதானே? தருமத்தை மறைத்துக் கொடுக்கச் சொல்லி வெள்ளிதோறும் பள்ளிவாசலில் கேட்கிறோம். வெளியே வந்து கேமராவைத் தேடுகிறோம். வாங்குகிறவளின் முகம்தான் விலை என்றால் அதற்கு வியாபாரம் என்று பெயர் வைக்கட்டும். அன்றோடு அந்த வேலையை விட்டேன்.

இப்போது சாச்சி கல்முனையில் ஒரு கடையில் அடுத்தவர் மெஷினில் தைக்கிறார். நோன்பு வந்தால் சங்கத்தின் முகநூல் பக்கம் அன்று மேடையில் எடுத்த அதே படத்தைப் போட்டு உதவி கேட்கிறது. கீழே வரிசையாக மாஷா அல்லாஹ்க்கள். போன நோன்பில் சாச்சி என் போனை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். மச்சினியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் விரல் மெஷினில் போய் நின்றது.

"நல்ல மெஷின் மகன்," என்றார். "ஆராவது அந்த நாடாவ அவுத்தா தைக்கலாம்."